ஒயர் மாட்டாத ரிமோட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு இருபதுக்கு எங்கள் வீட்டு ஹாலில் பொத்தான்களின் சத்தம் நின்றது. இரண்டு பெண் குழந்தைகளின் கட்டைவிரல்கள் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும் அந்த "டக டக" சத்தம், மழை விட்ட பிறகும் தகரக் கொட்டகையில் சொட்டிக்கொண்டிருப்பதைப் போல, சில மாதங்களாக எங்கள் வீட்டு விடுமுறை நாட்களின் சத்தமாகவே ஆகியிருந்தது. காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதைக் கேட்டபடி நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. சத்தம் நின்றதும், ஆட்டம் முடிந்திருக்கும், என் மகள்தான் ஜெயித்திருப்பாள், இதோ ஓடிவந்து சொல்வாள் என்று எண்ணி, அவள் சொல்லும்போது காட்டவேண்டிய ஆச்சரியத்தை முகத்தில் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் வரவில்லை. பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை எழுந்தபோது அடுப்பை அணைத்துவிட்டு ஹாலை எட்டிப் பார்த்தேன்.

என் மகள் யாழினியும் மேல்மாடி வேதவல்லியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடி முடிந்த பந்தயத்தை எந்தக் காரின் பின்னாலிருந்து வேண்டுமானாலும் மறுபடி ஓட்டிப் பார்க்கிற வசதி டிவியில் மாட்டியிருந்த அந்த விளையாட்டுப் பெட்டியில் உண்டு. வழக்கமாகத் தன் மஞ்சள் காரையே ஓட்டிப் பார்த்து ரசிக்கும் யாழினி, அன்று என்ன தோன்றிற்றோ, வேதாவின் நீலக் காரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கடைசிச் சுற்று. வளைவுகளெல்லாம் முடிந்து, எல்லைக்கோடு வரைக்கும் எதிரே ஒன்றுமே இல்லாத நேர்ச்சாலை. அந்தச் சாலையில் நீலக் காரின் பின்விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்தன. கார் தயங்கியது, மஞ்சள் கார் அதைத் தாண்டிப் போய்க் கோட்டைத் தொட்டது. யாழினி பின்னோக்கி ஓட்டி மறுபடியும் பார்த்தாள். அதே இடத்தில் அதே சிவப்பு.

"நேர் ரோட்டுல யாராச்சும் பிரேக் புடிப்பாங்களாடி?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

வேதா திரும்பி, வாசற்படியில் கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கோ ஆன்ட்டி" என்றாள்.

நான் சொல்லவில்லை. அந்தச் சில விநாடிகளைத்தான் இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் சொல்லாததால் பன்னிரண்டு வயதுப் பெண் சொல்லவேண்டி வந்தது. "ஆன்ட்டிதான் விட்டுக்குடுக்கச் சொன்னா. உனக்குத் தெரியாம."

யாழினி கையிலிருந்ததை வீசி எறிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அதைச் சத்தமில்லாமல் சோபாவில் வைத்தாள். எழுந்து என்னைத் தொடாமல் ஒதுங்கிக் கடந்து, செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

பிள்ளையின் சந்தோஷத்துக்காகச் செய்தது, இதில் என்ன பெரிய குற்றம் என்று இதைப் படிக்கிற பெற்றோர்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்படி நினைக்க மற்றவர்களுக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லை. யாழினி உட்கார்ந்திருந்த அந்த இடத்தில் நான் என் சிறுவயதில் ஒரு முழுக் கோடை உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வளர்ந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். ஒர்க்‌ஷாப்பின் சங்கு ஊதுவதை வைத்தே அங்கே சமைப்பதும் குளிப்பதும் பள்ளிக்குக் கிளம்புவதும் நடக்கும். சாயங்காலச் சங்குக்குப் பிறகு சைக்கிள்கள் கூட்டமாக வந்து ஒவ்வொரு வரிசையிலும் பிரிந்து போகும். அதில் ஒன்றில் என் அப்பா வருவார். எதிர் வீட்டில் ஸ்டீபன் அண்ணன் இருந்தான், ஒன்பதாம் வகுப்பு. அவன் தங்கை ரோஸி என் வகுப்பு. அவர்களுடைய சித்தப்பா அந்த வருஷம் வளைகுடாவிலிருந்து வந்தபோது டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். எங்கள் வரிசையில் அதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அதற்குள் செருகுகிற சதுரத் துண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் "கேசட்டு"; கையில் பிடித்து ஆடுகிறதற்கு "ரிமோட்டு". ஒயர் இருக்கிறதை எப்படி ரிமோட் என்பீர்கள் என்று என் மகள் சிரிப்பாள். டிவி சம்பந்தமாகக் கையில் பிடிக்கிற எதுவும் எங்களுக்கு ரிமோட்டுதான்.

அந்தப் பெட்டி வருவதற்கு முன்பே எனக்கென்று ஒரு பட்டம் இருந்தது. எனக்குச் சின்ன வயதில் இளைப்பு உண்டு. கொஞ்சம் ஓடினால் நெஞ்சு கூவும். அதனால் ஓடிப்பிடித்தாலும் ஐஸ்பாய் ஆடினாலும் நான் "ஒப்புக்குச் சப்பாணி". இன்று அந்தச் சொல்லை எழுதக் கை கூசுகிறது, அன்று கூசியதில்லை. ஆட்டத்துக்குச் சரிப்படாத சின்னப் பிள்ளைகளையும் நோஞ்சான்களையும் வீட்டுக்குத் துரத்தாமல் கூடவே வைத்துக்கொள்ள எங்கள் தெருவில் இருந்த வழி அது. ஒப்புக்குச் சப்பாணி எல்லோரோடும் ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். ஆனால் அவளைத் தொட்டால் அவுட் இல்லை, அவள் தொட்டாலும் அவுட் இல்லை. இதில் ஒரு நேர்மை இருந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே, "இவ ஒப்புக்குச் சப்பாணி, எல்லாரும் பாத்துக்கங்க" என்று உரக்க அறிவித்துவிடுவார்கள். அவளும் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள். கிரிக்கெட்டில் "ட்ரையல் பால்" கொடுப்பதும், ஆள் குறைந்தால் ஒருவனை இரண்டு பக்கத்துக்கும் "காமன்" ஆக்குவதும் அதே போலத்தான். சலுகை எதுவானாலும் அது எல்லோர் காதிலும் விழவேண்டும்.

டிவி பெட்டி வந்ததும் எனக்கு ஒரு பெரிய நம்பிக்கை வந்தது. இதில் ஓடவேண்டியதில்லை, மூச்சு வாங்காது, உட்கார்ந்த இடத்தில் விரலைத்தானே அசைக்கவேண்டும். இதிலாவது நான் மற்றவர்களைப் போல இருப்பேன் என்று நினைத்தேன். முதல் இரண்டு நாளிலேயே அது பொய்யாகிவிட்டது. என் கார் புறப்பட்டவுடன் வேலியில் மோதும். எடுத்துவிட்டால் எதிர்வேலியில் மோதும். மற்ற பிள்ளைகள் தங்கள் முறைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். "இவ வண்டி மாட்டு வண்டிடா" என்று ஸ்டீபன் அண்ணன் சிரித்தான். நான் அழுதேன். "ஆட்டைன்னா அழுகாச்சி இருக்கக் கூடாது, அழுதா பெட்டிய எடுத்து உள்ள வெச்சிருவேன்" என்று ரோஸியின் அம்மா மேரி ஆன்ட்டி உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து நான் நன்றாக ஓட்ட ஆரம்பித்தேன். அது எப்படி என்று நான் யோசிக்கவில்லை. ஒன்பது வயதில் ஒருநாள் சைக்கிள் ஓட்ட வராது, மறுநாள் வந்துவிடும். அதைப் போல இதுவும் வந்துவிட்டது என்று நினைத்தேன். மஞ்சள் கார் என்னுடையது, சிவப்பு ஸ்டீபன் அண்ணனுடையது. மஞ்சள் கார் வளைவுகளில் அழகாகத் திரும்பியது. அது திரும்பும்போது நானும் ரிமோட்டோடு சேர்ந்து உடம்பைச் சாய்த்தேன். நான் சாய்ந்ததால் அது திரும்பியதா, அது திரும்பியதால் நான் சாய்ந்தேனா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. சில நாள் தோற்றேன், பல நாள் ஜெயித்தேன். ஜெயித்தபோதெல்லாம் பிள்ளைகள் ஒரு மாதிரி கூடிச் சிரித்தார்கள்; அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன். இளைப்புக்காரப் பெண்ணை எந்த ஆட்டத்திலும் யாரும் சேர்ப்பதில்லை என்ற வருத்தம் அவருக்கு உள்ளூர இருந்திருக்கவேண்டும். அவர் கேட்டுக்கொண்டே முகம் கழுவுவார், துண்டில் துடைத்துக்கொண்டே இன்னொரு தரம் சொல்லச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனபோது, எதிரே வந்த ஒர்க்‌ஷாப் நண்பரை நிறுத்தி, "எம் பொண்ணு அந்த டிவி ஆட்டத்துல பெரிய பசங்களயே ஜெயிச்சுடுதுப்பா" என்றார். அந்த நண்பர் என் கன்னத்தைத் தட்டினார். அப்பா பொட்டலம் நிறையப் பொரிகடலை வாங்கி என் கையில் கொடுத்தார். வீட்டுக்குப் போகும்வரை நான் அதைப் பிரிக்கவில்லை; ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசல்லவா.

ஒருநாள் மத்தியானம் மேரி ஆன்ட்டி வேர்க்கடலை வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்தார். பந்தயம் பாதியில் இருந்தது. பெரியவர்கள் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்கவேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருந்ததால், நான் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். கடலை சூடாக இருந்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி ஊதிக்கொண்டே டிவியைப் பார்த்தேன். மஞ்சள் கார் போய்க்கொண்டிருந்தது. வளைவில் பதமாகத் திரும்பி, சிவப்புக் காரைத் தாண்டி, மறுபடி ஒரு வளைவில் திரும்பி, முதலாவதாகப் போய்ச் சேர்ந்தது. "ஜெயிச்சிட்டா, இன்னிக்கும் ஜெயிச்சிட்டா" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர்கள் டிவியைப் பார்த்துக் கத்தினார்களே தவிர என்னைப் பார்க்கவில்லை. என் இரண்டு கையிலும் கடலை இருந்தது.

மடியிலிருந்த ரிமோட்டின் ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து போனேன். அது தரையில் வளைந்து டிவி ஸ்டாண்டின் திரைத்துணிக்குள் போனது. துணியின் இடுக்கில் அதன் முனை வெறுமனே கிடந்தது; அதற்குப் பிறகு அது எங்கும் போகவில்லை. ஒருவர் மட்டும் ஆடினால் இன்னொரு காரைப் பெட்டியே ஓட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு புரிந்தது. அப்போது புரிந்தது ஒன்றுதான்: இங்கேயும் நான் ஒப்புக்குச் சப்பாணி. இந்தத் தடவை அதை எனக்கு அறிவிக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவசரமாகக் கடலையை மடியில் கொட்டிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜெயித்தவள் சிரிப்பதைப் போலச் சிரித்தேன். கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, உச்சந்தலையிலிருந்து வழிந்து கழுத்துவரை சுட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தால் இன்னும் பெரிய அவமானம் என்று தோன்றியது. அதனால் அதற்குப் பிறகும் தினமும் போனேன். செத்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கார் திரும்பும்போதெல்லாம் உடம்பைச் சாய்த்தேன். சாயங்காலம் அப்பா கேட்டால் ஜெயித்தேன் என்றேன். அவர் சிரிக்கும்போது தரையைப் பார்த்தேன்.

ஸ்டீபன் அண்ணனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அழுகிற பிள்ளையை அழாமல் உட்காரவைக்க அவனுக்குத் தெரிந்த வழி அது. ஆனால் ரோஸி நான் கடலை வாங்கியதைப் பார்த்துவிட்டிருந்தாள். எங்கள் எல்லோரிலும் நன்றாக ஆடுகிறவள் அவள்தான். அண்ணனையே மண்ணைக் கவ்வ வைப்பாள். அவன் டியூஷன் போயிருந்த ஒருநாள், என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். என் எதிரிலேயே திரைத்துணியை விலக்கி, ஒயரின் முனையை எடுத்துத் தூசியை ஊதி, பெட்டியில் செருகினாள். மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"இனிமே நெசமா ஆடு. தோத்தா தோத்துட்டுப் போ" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ மொதல்ல கெளம்பு. நான் பத்து எண்ணிட்டு வர்றேன். நீ ஜெயிச்சா அடுத்த ஆட்டத்துக்கு ஒண்ணு கொறைப்பேன். நான் ஜெயிச்சா ஒண்ணு கூட்டுவேன். சரியா?" என்றாள்.

அவள் எண்ணியது என் காதில் இன்னும் கேட்கிறது. தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணுவாள். நான் வேலியில் மோதி, எடுத்து, மறுபடி மோதி, பின்னால் அந்த எண்கள் ஏறிக்கொண்டே வர, பத்து என்றதும் அவள் சிவப்புக் கார் பாய்ந்து வரும். முதலில் பதினான்கு பதினைந்து வரை ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு எண் குறைந்தபோதும் நாங்கள் இருவருமே குதித்தோம். அவளுக்கு அது தன் தோல்வியாகவே படவில்லை. என்னைத் துரத்திப் பிடிப்பது நாளுக்கு நாள் கஷ்டமாக ஆனதில் அவளுக்கும் ஆட்டம் ருசித்தது என்று இப்போது தோன்றுகிறது. மற்ற பிள்ளைகளும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். பள்ளி திறப்பதற்கு முன் அவள் எனக்காக இரண்டுதான் எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, வந்துட்டேன்டி."

அப்பாவிடம் மட்டும் அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை. ஒயர் மாட்டிய பிறகு முதல் நாள், "தோத்துட்டேன்ப்பா" என்றேன். அது உண்மை, எனக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது. அவர் முகம் சின்னதாகிவிட்டது. "ஏன் பாப்பா, நல்லாத்தான ஆடிக்கிட்டிருந்த?" என்று கேட்டார். முன்பு ஜெயித்ததெல்லாம் பொய் என்று சொன்னால்தான் இப்போது தோற்பது நல்லது என்று சொல்லமுடியும். சந்தை வழியில் நண்பரை நிறுத்திச் சொன்ன மனிதரிடம் அதை எப்படித் திருப்பி வாங்குவது? நான் சொல்லவில்லை. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை, பெரிய பசங்களை ஜெயித்த தன் மகளைப் பற்றி என் கணவரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் வேதாவைப் படிக்கட்டில் நிறுத்தினேன்.

முசிறியில் இருந்த எங்கள் குடும்பம், எனக்குத் தென்னூர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தபோது ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தது. என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. விட்டுவந்த தோழிகளை நினைத்து யாழினி பல வாரம் யாரோடும் பேசாமல் இருந்தாள். விடுமுறைக்கு வந்த அவள் அப்பா அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மேல்மாடி வேதா இறங்கி வந்தாள். வேதாவின் அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர்; அவள் அண்ணனிடம் இதே மாதிரிப் பெட்டி இருக்கிறது. அந்தப் பெண் பாசுரம் சொல்கிற வாயோடு கார் பந்தயத்தில் பேயாக ஓட்டுவாள். "உன் வண்டிய டவுன் பஸ் ஓவர்டேக் பண்ணிண்டு போறதுடி" என்று அவள் கேலி செய்ய, முதலில் யாழினியும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. தினமும் தோற்றாள். சாப்பிடாமல் எழுந்து போனாள். ஒருநாள், "நாளைக்கு வேதா வந்தா நான் தூங்குறேன்னு சொல்லிடும்மா" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த ஊரில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு தோழிதான். அவளையும் இழந்துவிட்டால் பழையபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். அன்று சாயங்காலமே படியில் வேதாவைப் பார்த்து, யாழினிக்குத் தெரியாமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"தெரியாமயா ஆன்ட்டி? அப்பறம் அது ஆட்டமே இல்லையே" என்றாள் அவள்.

"ஒனக்கு என்னம்மா போச்சு?" என்றேன் நான்.

ஒரு குழந்தையிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அவள் தோள்பையின் வாரை முறுக்கிக்கொண்டே, "சரி ஆன்ட்டி" என்று ஏறிப்போனாள். அவளுக்கு என்ன போயிற்று என்பதை அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முன்பு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தவள், மெதுவாக வந்தாள். கேலி நின்றுவிட்டது. "என்னடி, கை தூங்கிடுச்சா? எழுப்பி விடவா?" என்று என் மகள் சீண்டும்போது பேசாமல் சிரித்தாள். யாழினி மட்டும் மலர்ந்துகொண்டே வந்தாள். இரவில் அவள் அப்பா அழைக்கும்போது போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, எந்த வளைவில் எப்படித் திரும்பினேன், வேதா எப்படித் திணறினாள் என்றெல்லாம் சொல்வாள். திரையில் அவர் முகம் பூரித்துப்போகும். உடன் தங்கியிருப்பவர்களைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு பேசுறத கேளுங்க" என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போதாவது எனக்குப் பொரிகடலைப் பொட்டலம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. வந்திருந்தும் தள்ளிவிட்டேனோ என்னவோ.

அவள் செருப்பில்லாமல் இறங்கிப்போன ஞாயிறன்று, முதலில் மொட்டைமாடி, பிறகு கீழே வண்டி நிறுத்துமிடம் என்று தேடினேன். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள் என்று வேதாவின் அம்மா சொன்னார். வரவில்லை. வேதாவும் அவள் அண்ணனும் சைக்கிளில் ஒரு பக்கம் போனார்கள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அம்மா மண்டபத்துக்குப் போனேன். ஏன் முதலில் ஆற்றுக்குப் போனேன் என்று யாரும் என்னைக் கேட்கவேண்டாம். படித்துறையில் காற்று வாங்க வந்தவர்களும் குளிக்க வந்தவர்களும் கலைந்துகொண்டிருந்தார்கள். ஈரப் படிகளில் வெறுங்கால் தடங்கள் நிறைய இருந்தன. காவிரி கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. சுடிதார் போட்ட பெண் பிள்ளை யாரையாவது பார்த்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பிறகு ரயில் நிலையம், பிறகு சித்திரை வீதிகள், மறுபடியும் சித்திரை வீதிகள். விளக்கு போட்டுவிட்டார்கள். சுற்றுவதற்கு இடமில்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

வேதாவின் அம்மா என்னை உட்காரவைத்து, கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார். என் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்கு விஷயம் தெரியும் என்று அதிலேயே தெரிந்தது. டிவியில் அந்த நேர்ச்சாலை நின்றபடியே இருந்தது, நீலக் காரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள். அணைக்க எனக்குக் கை வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் பொன்மலையை நினைத்தேன். நாங்கள் இருந்த வரிசையில் இப்போது யாருமில்லை, கதவுகள் பூட்டியிருக்கின்றன, மேரி ஆன்ட்டி வீட்டுச் சுவரில் செடி முளைத்திருக்கிறது. ரோஸி எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. ஒப்புக்குச் சப்பாணி என்ற சொல் என் மகளுக்குத் தெரியாது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அதை உரக்கச் சொல்லுகிற வழக்கமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அதை என் மகளிடம் கொண்டுவந்து சேர்க்கவேண்டிய கை என்னுடையது. நான் அவளுக்கு ஒயரைப் பிடுங்கிவிட்ட ரிமோட்டைத்தான் கொடுத்தேன்.

அழைப்புமணி அடித்தது. ஓடிப்போய்த் திறந்தேன். வேதா மட்டும் நின்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"கெடைச்சுட்டா ஆன்ட்டி. தேர் நிக்கற எடத்துல, அந்தப் பக்கமா உக்காந்துண்டிருந்தா. நீங்க ரெண்டு தரம் ஸ்கூட்டர்ல போனேளாம். பாத்துட்டுத் தேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுண்டாளாம்."

என் மேல் அவ்வளவு கோபமா என்று கேட்டேன்.

"கோபம்லாம் இல்ல ஆன்ட்டி. உங்களப் பாக்க வெக்கமா இருக்காம்" என்றாள் வேதா. பிறகு நான் நிற்கிற நிலையைப் பார்த்து, எனக்கு ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அவசரமாகச் சொன்னாள். "நாங்க பேசிண்டாச்சு. இனிமே ஆட்டத்துல எனக்கு அவதான் வண்டி பொறுக்கித் தருவா. நாளைக்கு எனக்குக் குப்பை லாரி. அதுல நான் ஜெயிச்சுட்டேன்னா அதவிட மட்டமா ஒண்ணு குடுப்பாளாம்."

அவளைத் தாண்டிப் படியிறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில், சுவரைப் பார்த்தபடி யாழினி உட்கார்ந்திருந்தாள். பாதமெல்லாம் மண். நான் அவளுக்கு மேல்படியில் உட்கார்ந்தேன். தொடத் துணிவு வரவில்லை. தேடிய நேரமெல்லாம் சொல்லவேண்டியதைச் சேர்த்து வைத்திருந்தேன், பொன்மலையை, கடலைத் தட்டை, எல்லாவற்றையும். வாயைத் திறக்குமுன் கையிலிருந்த என் போன் அதிர்ந்தது. அவள் அப்பா வழக்கமாக அழைக்கிற நேரம் ஆகியிருந்தது. அந்த அதிர்வைக் கேட்டுத்தான் அவள் திரும்பினாள்.

"அப்பாகிட்ட ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு எல்லாத்தயும் சொல்லிட்டேனேம்மா" என்றாள்.